நிற்கும் வண்டியும் இறங்கும் பேட்டரியும்: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் பக்கம் பைக்கோ ஸ்கூட்டரோ வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. இங்கே பல வீடுகளில் வண்டி ஓடும் நாளைவிட நிற்கும் நாள்தான் அதிகம். ஆள் சென்னையில் இருப்பார், கோலாலம்பூரில் இருப்பார். வண்டி முகப்பில் உறை போர்த்தியபடி நிற்கும். கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ வந்து சாவியைப் போட்டால் கிளம்பாது. உடனே புது பேட்டரி வாங்குவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அப்படி மாற்றிய பேட்டரிகளில் நிறைய, மாற்றத் தேவையே இல்லாதவை. கீழே எந்தக் கேள்விக்குப் போனாலும் கடைசியில் மல்டிமீட்டரிடம்தான் (வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் சின்னக் கருவி) வந்து நிற்போம். முதலிலேயே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து ஊருக்கு வந்தேன். செல்ஃபை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி போய்விட்டதா?

போயிருக்கலாம். வெறுமனே சார்ஜ் இறங்கியும் இருக்கலாம். இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான். அந்த 'டக்', செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ஸ்டார்ட்டர் ரிலேயின் சத்தம். ரிலேயை இழுக்கும் அளவுக்கு மின்சாரம் இருக்கிறது, மோட்டாரைச் சுற்றும் அளவுக்கு இல்லை. டெர்மினல் லூசாக இருந்தாலும் இதே சத்தம்தான் வரும். அதனால் முதல் வேலையாக ஸ்க்ரூடிரைவரால் இரண்டு டெர்மினலையும் இறுக்கிப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

அடுத்தது வோல்ட். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சாவி ஆஃபில் இருக்கும்போது, வண்டி ஓடிச் சில மணி நேரமாவது ஆன பிறகு பாருங்கள். 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். 11.8-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். சீல் செய்த பேட்டரிகள் நிறைந்த நிலையில் 12.8 முதல் 13 வரை காட்டும். "பன்னிரண்டு வோல்ட் பேட்டரிதானே, பன்னிரண்டு காட்டுதே, நல்லாத்தானே இருக்கு" என்பவர்கள் நிறையப் பேர். இல்லை. அதில் கால்வாசிதான் மிச்சம்.

சார்ஜ் குறைவு என்று தெரிந்தால் ஓர் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் சும்மா விட்டு மறுபடி பாருங்கள். 12.7 நின்றால் பேட்டரி உயிரோடு இருக்கிறது. எவ்வளவு போட்டும் 10.5 பக்கமே நிற்கிறது என்றால் ஒரு செல் போய்விட்டது. உள்ளே ஆறு செல், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட், ஒன்று விழுந்தால் கணக்கில் இரண்டு வோல்ட் குறையும். அதற்கு மருந்து கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒருவர் செல்ஃபை அழுத்த, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். அழுத்தும் நேரத்தில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது. முழுச் சார்ஜில் இருந்தும் 9-க்குக் கீழே சரிந்தால், சும்மா இருக்கும்போது என்ன காட்டினாலும் அந்தப் பேட்டரியை நம்பாதீர்கள்.

ஓடாமல் நின்ற வண்டியில் சார்ஜ் எங்கே போகிறது?

இரண்டு வழியில் போகிறது.

ஒன்று, பேட்டரிக்குள்ளேயே. ஈய-அமில பேட்டரி எதிலும் இணைக்காவிட்டாலும் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெப்பம் கூடினால் வேகமும் கூடும். சுமார் 10 டிகிரி ஏறினால் இறங்கும் வேகம் இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குக் கீழே நிற்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, வண்டி குடிப்பது. சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) போன்றவை ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் எடுக்கும். அது பெரிய விஷயமில்லை. நாமாக மாட்டிய அலாரம், ஜிபிஎஸ் கருவி, சாவிக்குக் கட்டுப்படாமல் நேரடியாகப் பேட்டரியில் கொடுத்த மொபைல் சார்ஜர் சாக்கெட் ஆகியவைதான் ஆளைக் கவிழ்க்கும். 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் கருவி ஒரு நாளில் கிட்டத்தட்ட அரை ஆம்பியர்-மணி தின்றுவிடும். 5 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி பத்தே நாளில் காலி.

இறங்கியது மட்டுமென்றால் ஏற்றிவிடலாம். இறங்கிய நிலையிலேயே கிடப்பதுதான் கெடுதல். பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது உள்ளேயுள்ள தகடுகளில் ஈய சல்பேட் படியும். சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் அந்தச் சல்பேட் பெரிய படிகமாக இறுகிவிடும். பிறகு சார்ஜ் கொடுத்தாலும் முழுதாகக் கரையாது, அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு குறைந்துவிடும். "சார்ஜ் நிற்க மாட்டேங்குது" என்று மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

அப்பத்தா ஊரில் இருக்கிறார். பக்கத்து வீட்டுத் தம்பி வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறான். அது போதாதா?

போதாது. சில வண்டிகளில் அது கெடுதலும்கூட.

செல்ஃப் எடுக்கும் மின்சாரம் உண்மையில் கொஞ்சம்தான். 40 ஆம்பியர் வீதம் மூன்று நொடி என்று வைத்தாலும், ஒரு ஆம்பியர் திரும்ப ஏறினால் இரண்டு நிமிடத்தில் ஈடாகிவிடும். ஆனால் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமல் நின்றபடி ஓடும்போது, அந்த ஒரு ஆம்பியர் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. 2017 ஏப்ரலிலிருந்து புது இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினால் முகப்பு விளக்கும் எரிந்தாக வேண்டும். மெதுவாக ஓடும் எஞ்சின் தருவதை விளக்கும் எரிபொருள் பம்ப்பும் எடுத்துக்கொண்டால் பேட்டரிக்கு மிஞ்சுவது சொற்பம். அதோடு, சூடேறாத சைலன்சருக்குள் ஈரம் தங்கித் துரு பிடிக்கும்.

தம்பியிடம் வேறு மாதிரி சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போய் வரச் சொல்லுங்கள். போக சுமார் 12 கிலோமீட்டர், வர அதே தூரம். நடுவில் குன்றக்குடியில் நின்று டீ குடித்தாலும் பரவாயில்லை. அந்த ஓட்டம் பேட்டரிக்கு மட்டுமல்ல, டயருக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் நல்லது. (இன்ஷூரன்ஸும் தம்பியின் லைசென்ஸும் நடப்பில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஓட்ட ஆளே இல்லை, வீடு பூட்டித்தான் கிடக்கும். கிளம்புவதற்கு முன் என்ன செய்துவிட்டுப் போவது?

முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். பிறகு நெகட்டிவ் வயரைக் கழற்றி, இன்சுலேஷன் டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள். இவ்வளவு செய்தாலே வண்டி குடிப்பது நின்றுவிடும். பேட்டரி தானாக இறங்குவது மட்டும் மிச்சம். நல்ல பேட்டரி இரண்டு மூன்று மாதம் தாங்கும். கடிகாரமும் ட்ரிப் மீட்டரும் அழியும், திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

அதைவிட நல்லது, பேட்டரியையே கழற்றி வீட்டுக்குள் வைப்பது. குளிர்ச்சியான இடத்துக்கு செட்டிநாட்டு வீட்டில் பஞ்சமா என்ன! கனத்த சுவர், உயர்ந்த கூரை. வெளியே தார் உருகும் நாளிலும் உள்ளறை குளுகுளுவென்றுதான் இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நேரடியாக வைக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டால் ஆனது, சிமென்ட்டை அமிலம் தின்றுவிடும். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி லேசாகச் சாய்ந்து நாலு சொட்டு வழிந்தால் போதும், எத்தனையோ வருடம் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய பூவேலை அந்த இடத்தில் வெளுத்துப் பொரிந்துவிடும். பளிங்குத் தரைக்கும் இதே கதிதான். பழைய பிளாஸ்டிக் தட்டோ மூடியில்லாத டப்பாவோ கீழே இருக்கட்டும்.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். இந்த வரிசையில் போனால், ஸ்பேனர் தவறிப் போய் வண்டியின் இரும்பில் பட்டாலும் பொறி பறக்காது.

எந்தச் சார்ஜர்? எவ்வளவு நேரம்?

பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் ஏஎச் அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் என்பது பழைய விதி, இன்றும் சரியான விதி. 5 ஏஎச் பேட்டரிக்கு அரை ஆம்பியர். 9 ஏஎச் என்றால் 0.9. சிறிய பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும் 3 முதல் 5 ஏஎச் வரைதான் இருக்கும். பாதி இறங்கிய 5 ஏஎச் பேட்டரி அரை ஆம்பியரில் நிறைய ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். கடைசிப் பகுதி மெதுவாகத்தான் ஏறும், அவசரப்படுத்த முடியாது.

நிறைந்ததும் தானாக வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். ஆண்டில் பாதி நாள் வண்டி நிற்கும் வீட்டுக்கு இது ஒரு பேட்டரி விலையை மிச்சப்படுத்தும். தானாக நிற்காத மலிவான சார்ஜரை மாட்டிவிட்டு ஊருக்குப் போகவே கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் வேண்டாம். பேட்டரி கைக்குச் சுடும் அளவுக்குப் போனால் உடனே நிறுத்துங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்து ஏற்றலாமா? கார் சார்ஜர்?

வேண்டாம். இன்வெர்ட்டர் 150 ஏஎச் போன்ற பெரிய பேட்டரிக்காக 10 ஆம்பியருக்கு மேலும் தள்ளும். 4 ஏஎச் பைக் பேட்டரி அதில் கொதித்துவிடும். கார் சார்ஜரில் மின்னோட்டத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் மட்டும் சரி.

தண்ணீர் பேட்டரிக்கு மழைத் தண்ணீர் ஊற்றலாமா? எங்கள் வீட்டு முற்றத்தில் பிடிப்பது சுத்தமான தண்ணீர்தான்.

குடிக்கச் சுத்தம் வேறு, பேட்டரிக்குச் சுத்தம் வேறு. ஓட்டுக் கூரையில் விழுந்து தூசியும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு, தகரத் தாழ்வாரம் வழியாகப் பித்தளை அண்டாவுக்கு வரும் தண்ணீர் அது. சாம்பார் வைக்கலாம், பேட்டரியில் ஊற்ற வேண்டாம். போர்வெல் தண்ணீர் இதைவிட மோசம். அதிலுள்ள உப்பும் இரும்பும் தகடுகளைக் கெடுத்து, பேட்டரி தானாக இறங்கும் வேகத்தையும் கூட்டும். ஆர்ஓ தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இரண்டும் வேண்டாம். பேட்டரி கடையில் டிஸ்டில்ட் வாட்டர் கேன் மலிவாகக் கிடைக்கிறது, இதில் போய்ச் சிக்கனம் எதற்கு?

பேட்டரியின் மேல் போட்டிருக்கும் மேல் அளவுக் கோட்டுக்கு மேலே தண்ணீர் ஊற்றாதீர்கள். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றிச் சார்ஜ் போடுங்கள், பிறகு மேல் கோடு வரை நிரப்புங்கள். ஆசிட்டை எப்போதும் ஊற்றக் கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. வெயில் காலத்தில் மாதம் ஒருமுறை அளவு பாருங்கள். சீல் செய்த பேட்டரி என்றால் இந்தக் கேள்வியே கிடையாது. அதன் மூடியைக் கத்தியால் நெம்பித் திறக்கவும் வேண்டாம்.

டெர்மினலில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருக்கிறது.

ஆசிட் ஆவியின் வேலை. வயரைக் கழற்றி, ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்துக் காய விடுங்கள். சோடா கரைசல் செல்லுக்குள் இறங்கக் கூடாது. மாட்டிய பிறகு லேசாக வாஸலின் தடவுங்கள். கையிலோ கண்ணிலோ ஆசிட் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணென்றால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

புது பேட்டரி போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி இறங்கிவிட்டது. கம்பெனி சரியில்லையா?

பேட்டரியைத் திட்டும் முன் வண்டியைப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரைத் திருகிச் சுமார் 4000 ஆர்பிஎம்மில் பேட்டரி டெர்மினலில் வோல்ட் பாருங்கள். 13.5-க்கும் 14.8-க்கும் நடுவில் இருந்தால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. வேகம் கூட்டியும் 12.5 பக்கமே நின்றால் பேட்டரிக்கு எதுவும் போகவில்லை. மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் காயில் போயிருக்கலாம், அந்த வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போயிருக்கலாம், அல்லது இடையில் வயர்களை இணைக்கும் கப்ளர் கருகியிருக்கலாம். கப்ளரை முதலில் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுத்து, பின் கறுத்திருந்தால் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

15 வோல்ட்டைத் தாண்டினால் அது எதிர்ப்பக்கத்து ஆபத்து. ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. தண்ணீர் பேட்டரி கொதித்து வற்றும், சீல் செய்த பேட்டரி பலூன் மாதிரி உப்பும், பல்பு அடிக்கடி போகும். வயிறு உப்பிய பேட்டரியோடு யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது ரெகுலேட்டரைப் பற்றித்தான்.

வோல்ட் குறையவும் இல்லை, கூடவும் இல்லை என்றால் சாவி ஆஃபில் மின்சாரக் கசிவு பாருங்கள். நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியர் நிலையில் வையுங்கள். ஓரிரு மில்லி ஆம்பியர் காட்டினால் சரி. பத்தைத் தாண்டினால் நீங்கள் மாட்டிய துணைக் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், செல்ஃபைத் தொடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

கூடுதல் எல்இடி விளக்கும் பெரிய ஹாரனும் மாட்டியிருக்கிறேன். பாதிக்குமா?

ஓட்டும்போது மட்டும் எரியும் ஒரு சிறிய எல்இடி பரவாயில்லை. திருவிழாக் கூட்டத்தில் ஐடிலிங்கில் நின்றபடி எல்லாவற்றையும் எரியவிட்டால் பேட்டரியிலிருந்துதான் போகும். எதை மாட்டினாலும் ரிலேயும் ஃபியூஸும் வைத்து, சாவி ஆனில் மட்டும் வேலை செய்யும்படி மாட்டச் சொல்லுங்கள்.

பேட்டரி செத்திருந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

கார்புரேட்டர் வைத்த கியர் வண்டி என்றால் பெரும்பாலும் கிளம்பிவிடும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன். பம்ப்பும் ஈசியூவும் வேலை செய்யக் கொஞ்சமாவது வோல்ட் வேண்டும். செல்ஃபுக்குப் போதாவிட்டாலும் வண்டியின் ஸ்பீடோமீட்டர் விளக்கு நன்றாக எரிகிறது என்றால் தள்ளிப் பார்க்கலாம். விளக்கே வரவில்லை என்றால் வியர்வைதான் மிச்சம். ஆக்டிவா போன்ற கியரில்லாத ஸ்கூட்டரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாது, கிக்கர் இருந்தால் உதையுங்கள்.

புது பேட்டரி வாங்கும்போது எதைப் பார்ப்பது? லித்தியம் போடலாமா?

தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கடை அலமாரியிலும் பேட்டரி இறங்கும். பழைய சரக்கு என்றால் வேறு கேளுங்கள். வாங்கும் முன் கடைக்காரரின் மீட்டரிலேயே வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள், 12.6-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுத்தான் தர வேண்டும். ஆசிட் ஊற்றித் தரும் வகை என்றால் முதல் சார்ஜ் முழுதாக ஏற வேண்டும். "வண்டி ஓட ஓட ஏறிடும்ணே" என்று அரை மணியில் மாட்டித் தருவதை ஒப்புக்கொள்ளாதீர்கள், பேட்டரியின் ஆயுள் அங்கேயே குறைந்துவிடும். வாரண்டி அட்டையில் இலவச மாற்று எத்தனை மாதம், ப்ரோ ரேட்டா (ஓடிய காலத்துக்கு ஏற்ப ஒரு பகுதி விலை மட்டும் கழிப்பது) எத்தனை மாதம் என்று தனித்தனியாகப் படியுங்கள். மொத்தமாகச் சொல்லும் மாதக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். ஏஎச் அளவும் டெர்மினல் எந்தப் பக்கம் என்பதும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

லித்தியம் பேட்டரி எடை குறைவு, தானாக இறங்குவதும் மிகக் குறைவு. ஆனால் விலை பல மடங்கு, சார்ஜரும் அதற்கென்றே வேண்டும். வண்டியில் கசிவு இருந்தால் அதுவும் காலியாகத்தான் செய்யும். ஊரில் நிற்கும் 110 சிசி வண்டிக்கு என் கணக்கில் அது வீண் செலவு.

காரைக்குடி சிக்ரியில் பேட்டரியைப் பற்றித்தான் ஆராய்ச்சி என்கிறார்களே, அங்கே கேட்கலாமா?

சிக்ரி என்று நாம் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பேட்டரியோடு துருப்பிடிப்பு, மின்முலாம் என்று பலவற்றையும் ஆராயும் இடம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ஊருக்குப் பெருமைதான். அதற்காக உங்கள் ஸ்கூட்டரை அந்தக் கேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள், செக்காலை ரோட்டுப் பேட்டரி கடையே போதும்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. ஈயம் நஞ்சு. உடைத்து ஆசிட்டைக் கொல்லையிலோ ஊருணிப் பக்கமோ ஊற்றுபவர்களிடம் கொடுக்காதீர்கள்.

முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, வண்டி கிளம்பவில்லை, வாசலில் கார் நிற்கிறது. ஜம்ப் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கார் எஞ்சின் ஆஃபில் இருக்க வேண்டும். காரும் 12 வோல்ட்தான், பேட்டரி மட்டும் பெரியது. முதலில் சிவப்பு வயரைப் பைக் பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டி, அதன் மறுமுனையைக் காரின் பாசிட்டிவில் மாட்டுங்கள். பிறகு கறுப்பு வயரின் ஒரு முனை காரின் நெகட்டிவில், மறுமுனை பைக் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில், பேட்டரிக்குத் தள்ளி. இரண்டு நிமிடம் விட்டுச் செல்ஃபை அழுத்துங்கள். கிளம்பியதும் மாட்டியதற்கு எதிர் வரிசையில் கழற்றுங்கள். உப்பியிருக்கும் பேட்டரிக்கும், வெடிப்பு விட்டு ஆசிட் கசியும் பேட்டரிக்கும் ஜம்ப் கொடுக்கக் கூடாது. கல்யாண வீட்டுக்குப் போய் வருவதற்குள் பேட்டரி நிறைந்துவிடாது; அன்று இரவு சார்ஜரில் போட்டு, காலையில் மீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.